26% தானா, அப்போ சொந்தம் இல்லையா?

கேள்வி: எம்.எஸ்சி. உயிர்த்தகவலியல் இறுதியாண்டு படிக்கிறேன். என் புரதத்தை பிளாஸ்டில் (வரிசைகளை ஒப்பிடும் நிரல்) போட்டால் மனித மயோகுளோபினுடன் (தசையில் ஆக்சிஜனைச் சேமிக்கும் புரதம்) 26% தான் ஒத்துப்போகிறது. 30%-க்குக் கீழே என்றால் ஒரே குடும்பம் இல்லை என்கிறார் கைடு. புராஜெக்ட் சென்டர் ஒன்றில் 'ஃபேமிலி ரிப்போர்ட்' தருகிறோம் என்று பணம் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். இந்த மாதிரி ரிப்போர்ட்டுகள் நிறைய என் மேஜைக்கு வந்திருக்கின்றன. மாணவரின் அமினோ அமில வரிசையை, புரதக் குடும்பத்தைக் கண்டுபிடித்துத் தரும் இன்டர்ப்ரோ தளத்தில் ஒட்டி, வந்த படத்துக்கு ஸ்பைரல் பைண்டிங் போட்டிருப்பார்கள், அவ்வளவுதான். அந்தத் தளம் எல்லாருக்கும் இலவசம். அரை மணி நேரத்தில் நீங்களே எடுத்துவிடலாம்.

சரி, அந்த 30%-க்கு வருவோம். அது சட்டம் ஒன்றும் இல்லை. புரத வரிசைகளைத் தொகுத்த முன்னோடி மார்கரெட் டேஹாஃப், ஒரே புரதக் குடும்பம் என்பதற்கு வைத்த கோடு 50%. 1995-ல் வந்த, புரதங்களை வடிவத்தைக் கொண்டு பிரிக்கும் ஸ்காப் வகைப்பாடு அதை 30% ஆக்கியது. அதற்கும் கீழே போய், ஆனால் முப்பரிமாண வடிவமும் வேலையும் ஒரே மூதாதையைக் காட்டினால் பெருங்குடும்பம். பங்காளிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் உங்களுடையது ஒத்துப்போவது குளோபினோடு ஆயிற்றே! மயோகுளோபின், ஹீமோகுளோபின் எல்லாம் இந்த வகைதான். கோடு போட்ட ஸ்காப்காரர்களே குளோபினுக்கு விலக்கு கொடுத்தார்கள். சில குளோபின்களுக்குள் ஒற்றுமை வெறும் 15%, இருந்தும் ஒரே குடும்பம். நம் உடம்பிலேயே மயோகுளோபினையும் ஹீமோகுளோபினின் ஆல்ஃபா சங்கிலியையும் பக்கத்தில் வைத்தால் ஏறக்குறைய நாலில் ஒரு பங்குதான் பொருந்தும். வடிவம் மட்டும் அச்சு அசல்: ஹீம் என்ற இரும்புள்ள பகுதியைச் சுற்றி ஏழோ எட்டோ சுருள்கள், எஃப் என்று பேரிட்ட சுருளின் எட்டாம் இடத்தில் அந்த இரும்பைப் பிடிக்கும் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம். ஊர் மாறிப் பேர் மாறினாலும் குலதெய்வம் மாறாத மாதிரி. இதையெல்லாம் சொல்லாமல் ஒற்றை எண்ணை மனப்பாடம் செய்ய வைக்கும் பாடத்திட்டத்தை என்ன சொல்வது!

சதவீதத்தை விட்டுவிட்டு ஈ-வேல்யூவைப் பாருங்கள். இப்படி ஒரு ஒற்றுமை தற்செயலாகவே எத்தனை முறை வரலாம் என்று சொல்லும் எண் அது. 0.001-க்குக் கீழே இருந்தால் நல்லது. அப்புறம் கவரேஜ், அதாவது அந்த ஒற்றுமை எவ்வளவு நீளத்துக்கு இருக்கிறது என்பது. 140 அமினோ அமிலங்களுக்கு 26% என்றால் மதிப்பு உண்டு, 40-க்கு என்றால் குப்பை. கடைசியாக அந்த ஹிஸ்டிடினைத் தேடுங்கள். மனித மயோகுளோபினில் அது 93-வது என்று புத்தகம் சொல்லும். யூனிப்ராட் என்ற புரதத் தரவுத்தளத்தில், தொடக்கத்தில் வரும் மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்தையும் எண்ணுவதால் 94. இதில் தடுக்கி விழுந்து 'ஹிஸ்டிடின் இல்லை' என்று எழுதியவர்கள் உண்டு.

எல்லாம் பொருந்தினால் 'குளோபின் குடும்பம்' என்று எழுதுங்கள். 'ஆக்சிஜனைச் சேமிக்கிறது' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். ஒரே குடும்பம் என்றால் ஒரே வேலை என்று அர்த்தம் இல்லை. லைசோசைமும் ஆல்ஃபா லாக்டால்புமினும்கூட ஒரே குடும்பம்தான். ஒன்று பாக்டீரியாவின் சுவரை உடைக்கிறது, மற்றது பாலில் லாக்டோஸ் உண்டாக உதவுகிறது.