நாலாவது பங்காளியின் கையெழுத்து

கேள்வி: கானாடுகாத்தான் பக்கம் ஒரு பழைய செட்டிநாட்டு வீட்டை வாங்கியிருக்கிறேன். மராமத்து பார்த்து ஆறு மாதத்தில் விற்றுவிட உத்தேசம். நாலு பங்காளிகளில் மூன்று பேர் கிரயம் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மலேசியாவில் இருப்பவர் போனில் சம்மதம் சொல்லிவிட்டார். மேஸ்திரி ஐந்து லட்சம் அட்வான்ஸ் கேட்கிறார். ஒப்பந்தத்தில் என்ன எழுத வேண்டும்? இழுத்தடித்தால் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமா?

பதில்: நீங்கள் மேஸ்திரியைப் பற்றிக் கேட்கிறீர்கள். எனக்குக் கவலை அந்த மலேசியாக்காரர்தான். போனில் சொன்ன சம்மதத்தால் வீடு கைமாறாது. அவர் பங்கு இன்னும் அவருடையதே. பாகம் பிரியாத குடும்ப வீட்டில் பங்கு வாங்கிய வெளியாள், குடும்பத்தாரோடு சேர்ந்து வீட்டைத் தன் வசம் வைத்துக்கொள்ளக் கேட்க முடியாது என்கிறது சொத்து மாற்றுச் சட்டத்தின் 44-வது பிரிவு. இங்கே அந்த வெளியாள் நீங்கள்தான்; மலேசியாக்காரர் கோர்ட்டில் இடைக்காலத் தடை வாங்கினால் சாரம் கட்டியபடியே வேலை நிற்கும். நீங்கள் பாகம் கேட்டு வழக்குப் போட்டாலோ, உங்கள் பங்கை மதிப்புப் போட்டு அவரே வாங்கிக்கொள்ள 1893-ஆம் ஆண்டு பாகப்பிரிவினைச் சட்டத்தின் 4-வது பிரிவு இடம் தருகிறது.

அவர் ஊருக்கு வந்து கிரயம் எழுதட்டும். முடியாவிட்டால் அங்குள்ள இந்தியத் தூதரகத்திலோ நோட்டரி முன்போ, தன் சார்பில் கையெழுத்துப் போட ஒருவருக்கு பவர் (அதிகாரப் பத்திரம்) எழுதி அனுப்பட்டும். அது இந்தியா வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிடுங்கள். அதுவரை மழை ஒழுகாமல் ஓடு மாற்றுவதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

சரி, மேஸ்திரிக்கு வருவோம். ‘வீட்டைப் புதுப்பித்துத் தர வேண்டியது’ என்று ஒரே வரியில் எழுதாதீர்கள். முகப்பு, வளவு (நடு முற்றப் பகுதி), இரண்டாங்கட்டு (அதற்கு அடுத்த பகுதி) என்று தனித்தனியாக வேலையும் தொகையும் போடுங்கள். பூச்சு சுண்ணாம்பா சிமெண்டா, உடைந்த ஆத்தங்குடித் தரைக்கல்லுக்குப் பதில் கல் யார் வாங்குவது என்பதும் இருக்கட்டும். ஐந்து லட்சத்தை மொத்தமாகத் தூக்கிக் கொடுக்காமல், ஒரு பகுதி முடிந்ததும் அதற்குரிய பணத்தைக் கொடுங்கள். கடைசித் தவணை, வேலையைச் சரிபார்த்த பிறகுதான்.

பலரும் கோட்டை விடுவது கழற்றிய சாமான்களில். ‘இடிபாடு கான்ட்ராக்டருக்கு’ என்று ஒரு வரி வழக்கமாக வரும். இந்த ஊர் வீட்டில் அந்த ‘இடிபாட்டில்’ பர்மா தேக்குத் தூணும் நிலையும் கதவும் அடக்கம். காரைக்குடி பழம்பொருள் கடைகளில் அவற்றின் விலையை ஒருமுறை விசாரித்துப் பாருங்கள்! வேலை தொடங்கும் முன் போட்டோவோடு பட்டியல் போட்டு, மேஸ்திரியிடம் கையெழுத்து வாங்குங்கள். கழற்றியதெல்லாம் வீட்டுக்காரருக்கே என்றும் எழுதுங்கள்.

தாமதத்துக்கு வாரம் இவ்வளவு என்று போடலாம். ஆனால் ஒப்பந்தச் சட்டம் 74-வது பிரிவின்படி அது உச்சவரம்புதான். கோர்ட் அதற்குள் நியாயமானதைத்தான் தரும். கெடு முக்கியம் என்றும் எழுதுங்கள். கெடு தாண்டியபின் வாய் திறக்காமல் வேலையை ஏற்றுக்கொண்டால், அதே சட்டத்தின் 55-வது பிரிவு அந்த இழப்பீட்டையும் பறித்துவிடும். எனவே ஏற்கும்போதே எழுத்தில் நோட்டீஸ் கொடுங்கள்.

நுகர்வோர் கோர்ட்டை நம்ப வேண்டாம். வணிக நோக்கத்துக்காகச் சேவை பெறுபவரை 2019-ஆம் ஆண்டுச் சட்டம் நுகர்வோராகக் கொள்வதில்லை. விற்பதற்காகத்தான் மராமத்து என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மேஸ்திரியின் வக்கீல் முதல் ஆட்சேபமாக அதைத்தான் கிளப்புவார். சிவில் கோர்ட்டில் மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போடலாம்.