அப்பப்பாவின் வெள்ளிக்காசைத் துலக்கலாமா?

கேள்வி: அப்பப்பா டொக்யாட்டில் வேலை செய்தவர். அவருடைய றங்குப்பெட்டியில் ஒரு பழைய கடித உறைக்குள் 1957ஆம் ஆண்டு புத்த ஜயந்தி ஐந்து ரூபாய் ஒன்றும் ஐம்பது சதக் காசுகள் சிலவும் இருந்தன. ஐந்து ரூபாயின் ஓரம் பொன்னிறமும் நீலமுமாக இருக்கிறது, சதங்கள் கறுத்துவிட்டன. திருநீறு போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று வரும் என்கிறார் மாமி. தேய்க்கலாமா? (வாசகி, உப்புவெளி)

பதில்: வேண்டாம் தங்கச்சி, தயவுசெய்து தேய்க்க வேண்டாம். குத்துவிளக்கையும் செம்பையும் மாமி எப்படி வேண்டுமானாலும் துலக்கட்டும், காசை மட்டும் விட்டுவிடச் சொல்லுங்கள். சின்ன வயதில் ஒரு 1893 ஐம்பது சதத்தை நானே திருநீறு போட்டுத் தேய்த்திருக்கிறேன். விக்டோரியா ராணியின் தலையைச் சுற்றி மெல்லிய நீல வளையம் ஒன்று இருந்தது, பத்து நிமிஷத்தில் போய்விட்டது. பிறகு வெயிலில் சரித்துப் பார்த்தால் முகம் முழுக்க நூல் நூலாகக் கீறல். இன்றைக்கும் அது என்னிடம்தான் இருக்கிறது, எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் மனசு வலிக்கும்.

அந்த நீலம் அழுக்கு இல்லை. காற்றிலும் கடதாசியிலும் உள்ள கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து ஒரு மெல்லிய படலமாகிறது, அதன் தடிப்பு ஒரு மில்லிமீட்டரின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு இருந்தாலே அதிகம். மழை நாளில் ரோட்டுத் தண்ணீரில் மிதக்கும் எண்ணெய் நிறம் காட்டுகிற அதே கணக்குத்தான் இங்கேயும். உங்கள் காசில் ஓரம் மட்டும் நிறம் பிடித்து நடு வெள்ளையாக இருப்பது, அந்த உறைக்குள் அசையாமல் பல வருஷம் கிடந்ததால்தான் இருக்கும். 1957 என்றால் பிரிட்டிஷ் கடற்படை நம் திருகோணமலைத் துறைமுகத் தளத்தைக் கையளித்துவிட்டுப் போன வருஷம், அப்பப்பா எந்த நினைவில் அதை எடுத்து வைத்தாரோ! 28 கிராமுக்குச் சற்று மேல், 92.5 சதவீதம் வெள்ளி, நல்ல காசு.

கறுத்த சதங்கள் வேறு கதை. அவற்றில் 1919 முதல் 1942 வரை அடித்தவை 55 சதவீதம்தான் வெள்ளி, அதற்கு முந்தியவை 80. ஒரேயடியாகக் கறுத்ததற்கு யாரும் கூடுதல் விலை தரமாட்டார்கள், ஆனால் தேய்த்த காசுக்கு அதையும்விடக் குறைவாகத்தான் கேட்பார்கள்.

கேள்வி: வானவில் நிறத்தில் ஒரு பழைய வெள்ளி ரூபாய் விற்பனைக்கு வந்திருக்கிறது. சாதாரண காசைவிடப் பல மடங்கு விலை சொல்கிறார்கள். நம்பி வாங்கலாமா? (வாசகர், நிலாவெளி)

பதில்: இயற்கையாக வந்த நிறம் என்றால் அந்த ஆசை நியாயமானது. அமெரிக்காவின் பழைய வெள்ளிக் காசுகளான மோர்கன் டொலர்களில் பல, துணிப் பைகளில் கட்டிக் கிடந்தே அப்படி நிறம் பிடித்தவை, அவற்றுக்காகப் போட்டி போடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் டோனிங், அதாவது இப்படி நிறம் பிடிப்பது, நல்ல காசின் மேல்தான் அழகு. விளக்குக்குக் கீழே காசை மெல்லச் சரியுங்கள். புதிதாக அடித்த வெள்ளியில் சக்கரம் சுற்றுவதுபோல ஒளி ஓடும், இயற்கை டோனிங் என்றால் அந்த ஒளி நிறத்துக்கு அடியிலும் ஓடிக்கொண்டே இருக்கும். பெயின்ட் அடித்ததுபோல நிறம் மேலே ஒட்டி நின்றால் சந்தேகப்படுங்கள். நிறங்களுக்கு ஒரு வரிசையும் உண்டு: முதலில் இளம்பொன், பிறகு சிவப்பு கலந்த ஊதா, அதன்பின் நீலம், பச்சை இன்னும் பிந்தித்தான் வரும். இடையில் ஒன்றுமில்லாமல் திடீரென்று பச்சையோ கடும் நீலமோ திட்டாகத் தெரிந்தால் யாரோ சூடாக்கியோ மருந்து பூசியோ இருப்பார்கள். அவித்த முட்டையோடு மூடி வைத்து நிறம் ஏற்றுகிறவர்களும் உண்டு, முட்டையில் இருப்பதும் கந்தகம்தானே. கீறலுக்குள் நிறம் கூடுதலாக இறங்கியிருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள், தேய்த்துத் துலக்கியதை மறைக்க நிறம் போட்டிருந்தால் அங்கேதான் பிடிபடும். படத்தை மட்டும் பார்த்துப் பணம் அனுப்பாதீர்கள், நிறத்தைக் கூட்டிக் காட்ட ஒரு போன் போதும்.

கேள்வி: கடற்கரையோரம் வீடு. எதில் வைப்பது? (வாசகி, சல்லி)

பதில்: நம்முடைய உப்புக்காற்றுக்கு மூடிய பெட்டி கட்டாயம், உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போட்டு அவ்வப்போது மாற்றுங்கள். மென்மையான பிவிசி உறைகள் நாளடைவில் பச்சைப் பிசினாகக் காசில் ஒட்டும், மைலர் என்னும் பொலியெஸ்டர் உறையைக் கேட்டு வாங்குங்கள். றப்பர் பேண்ட் கிட்டவே வேண்டாம், அதிலும் கந்தகம் இருக்கிறது. பிடிக்கும்போது ஓரத்தில் பிடியுங்கள்.

உப்புவெளித் தங்கச்சிக்கும் ஒன்று: அப்பப்பாவின் உறையை எறிந்துவிடாதீர்கள், அதில் அவருடைய கையெழுத்து ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். ஆனால் காசைத் திரும்ப அதற்குள் போட வேண்டாம், இன்னும் சில வருஷம் போனால் அந்த நீலமும் கறுத்துவிடும்.