ஏஜிங் முடிந்ததும் 17-4 பிஎச் ஷாஃப்ட் அளவு குறைந்தது ஏன்?

வணக்கம். 17-4 பிஎச் என்ற தாமிரம் கலந்த துருப்பிடிக்காத எஃகில் 40 மி.மீ. பம்ப் ஷாஃப்ட்டை முழு அளவுக்குக் கடைந்துவிட்டு எச்900 ஏஜிங் (கடினமாக்க 900 டிகிரி ஃபாரன்ஹீட்டில் சூடாக்கி வைப்பது) கொடுத்ததாகவும், பேரிங் உட்காரும் இடம் 0.02 மி.மீ. குறைந்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். லேத்தில் தப்பில்லை. 482 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் இருக்கும்போது எஃகுக்குள் தாமிரம் நுண்துகள்களாகப் பிரிகிறது. கடினம் ஏறும், கூடவே மில்லிமீட்டருக்கு 0.0004 முதல் 0.0006 மி.மீ. வரை சுருங்கும். உங்கள் 0.02 அந்தக் கணக்குதான்.

அந்த இடத்தில் வெல்டிங் வைத்து ஏற்றப் பார்க்காதீர்கள், சூடு பட்ட பகுதியின் கடினம் மாறிவிடும். அடுத்ததில் விட்டத்தில் 0.2 மி.மீ. விட்டுவைத்து, ஏஜிங்குக்கு அப்புறம் கிரைண்டிங் போடுங்கள்.

கடல்நீர் பம்ப் என்றால் எச்900 வேண்டவே வேண்டாம், உப்பில் இழுவிசையோடு நின்றால் விரிசல் விடும். எச்1150 (1150 டிகிரி ஃபாரன்ஹீட்டில் செய்யும் ஏஜிங்) கேளுங்கள். வலிமை இறங்கும், விரிசல் பயம் வெகுவாகக் குறையும். அதில் சுருக்கம் ஏறக்குறைய இரட்டிப்பு.