பேட்மேன் பேயாகிவிட்டார், பேய் வேட்டைக்காரி சூப்பர்ஹீரோவாகிவிட்டாள்

கேள்வி: கொழும்பில் காமிக்ஸ் வாசிக்கிறவர்கள் யாராவது இருக்கிறீர்களா? சூப்பர்ஹீரோ படங்கள் அலுத்துவிட்டன. இப்போது வரும் சூப்பர்ஹீரோ காமிக்ஸ், திகில் காமிக்ஸ் இரண்டிலும் எதை வாங்கலாம்? வீட்டில் 14 வயதுத் தம்பியும் எடுத்து வாசிப்பான்.

இருக்கிறோம். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலுமாக ஒரு சின்னக் கூட்டம். வாட்ஸ்அப்பில் சண்டை பிடிப்போம், எப்போதாவது காலி வீதியில் ஒரு தேத்தண்ணிக் கடையில் நேரிலும் சண்டை பிடிப்போம். கீழே வருவது என் ஒருவனுடைய அபிப்பிராயம். எங்கள் கூட்டம் எந்தப் புத்தகத்தைப் பற்றியும் ஒரு முடிவுக்கு வந்ததாகச் சரித்திரம் இல்லை.

நீங்கள் சூப்பர்ஹீரோ, திகில் என்று இரண்டாகப் பிரித்துக் கேட்கிறீர்கள். கடைத் தட்டில் அந்தப் பிரிவு இன்னும் இருக்கிறது, புத்தகத்துக்குள் கிட்டத்தட்ட இல்லை. இன்று பேசப்படும் நல்ல சூப்பர்ஹீரோ புத்தகங்கள் திகில் கதையின் பாதையில் போகின்றன. பெயர் வாங்கிய திகில் புத்தகங்கள் சிலவோ சூப்பர்ஹீரோப் பாதையில் ஏறிவிட்டன. முதலாவது நடந்தது நல்லதுக்குத்தான். இரண்டாவது எனக்குப் பிடிக்கவில்லை.

'அப்சலூட் பேட்மேன்' புத்தகத்தில் இருந்து தொடங்குகிறேன், எங்கள் குழுவில் ஆகக் கூடிய சத்தம் அதனால்தான். டிசி பதிப்பகம் 2024 ஒக்டோபரில் தொடங்கியது. ஸ்காட் ஸ்னைடர் எழுதுகிறார், நிக் ட்ராகோட்டா வரைகிறார். இந்த புரூஸ் வெய்னிடம் மாளிகையும் இல்லை, காசும் இல்லை. அப்பா ஒரு வாத்தியார். பிள்ளைகளை மிருகக்காட்சிச்சாலைக்குக் கூட்டிப்போன இடத்தில் சுட்டுக் கொல்லப்பட்டவர். அம்மா உயிரோடு இருக்கிறார். மகன் நகரத்துக்கு வேலை செய்யும் பொறியியலாளர். ஆல்ஃபிரட் தட்டு ஏந்துகிற வீட்டு வேலையாள் அல்ல, துவக்குத் தூக்குகிற பிரித்தானிய உளவாளி. பெரும் பணக்காரன் யார் என்றால் ஜோக்கர், அவன் சிரிப்பதே இல்லை. ஹார்வி டென்ட், ஒஸ்வால்ட், எட்வர்ட் நிக்மா, வெய்லன் ஜோன்ஸ் என்று மற்றக் கதைகளில் பேட்மேனின் பரம எதிரிகளாக வருகிற ஆக்கள் எல்லாம் இங்கே புரூஸோடு சீட்டு விளையாடுகிற பால்ய சிநேகிதர்கள்.

ட்ராகோட்டா இவனை மதில் மாதிரி வரைகிறார். பல பக்கங்களில் தோள் கட்டத்துக்குள் அடங்காமல் வெளியே போகும். நெஞ்சில் இருக்கும் வௌவால் சின்னம் வெறும் சின்னம் இல்லை. கழற்றிப் பிடி போட்டால் அது கோடரி. முதல் இதழில் அந்தச் சின்னம் கையில் ஆயுதமாக மாறும் இடத்தைப் பார்த்தால், இந்த ஆள் யாரையும் காப்பாற்ற வந்தவன் மாதிரியே தெரியாது.

அதற்குப் பிறகு பெய்ன் என்ற வில்லன் வருகிறான். புரூஸை அடித்து வீழ்த்துவதோடு அவன் நிற்பதில்லை, சிநேகிதர்களின் உடம்பில் கை வைக்கிறான். குத்துச்சண்டைக்காரன் வெய்லனின் உடல் மருந்தால் முதலையாகப் போகிறது. வழக்கமான பேட்மேன் கதையில் முதலை மனிதன் முதல் பக்கத்திலேயே முதலையாக வந்து அடி வாங்கிவிட்டுப் போவான். இங்கே அவனோடு சீட்டு விளையாடிய ஞாபகம் நமக்கும் இருக்கிறது. அதனால்தான் வயிற்றைக் கலக்குகிறது.

வழக்கமான தொடரில் ஏன் இது நடக்காது? 1939 இல் தொடங்கிய ஒரு பாத்திரத்துக்கு உண்மையில் எதுவும் ஆக முடியாது. 1993 இல் இதே பெய்ன் பேட்மேனின் முதுகெலும்பை முறித்தான், கொஞ்சக் காலத்தில் எழும்பி வந்துவிட்டார். அடுத்த மாத இதழும் அடுத்த படமும் வர வேண்டுமே! எதையும் இழக்க மாட்டான் என்று தெரிந்த ஆளைப் பார்த்து எப்படிப் பயப்படுவது? அப்சலூட் வரிசை வழக்கமான தொடர்களோடு ஒட்டாத தனி உலகம். அங்கே ஒரு கை போனால் போனதுதான். 'அப்சலூட் வொண்டர் வுமன்' புத்தகத்தில் அதுவே நடக்கிறது. நரகத்தில் சூனியக்காரி சேர்சியிடம் வளர்ந்த டயானா, ஒரு மனிதனை அங்கிருந்து மேலே அனுப்புவதற்குத் தன் கையையே விலையாகக் கொடுக்கிறாள். எலும்புக்கூட்டுக் குதிரையில் ஏறி வரும் அந்தப் பெண்தான் அந்த வரிசையிலேயே ஆக அன்பானவள். கெலி தாம்சன் எழுத்து, ஹேடன் ஷெர்மன் படம். 2025 இல் சிறந்த புதிய தொடருக்கான ஐஸ்னர் என்ற அமெரிக்கக் காமிக்ஸ் விருது கிடைத்தது, தகுதியான விருது. வரிசையில் ஒன்றுதான் வாங்குவேன் என்றால் பேட்மேனை விட்டுவிட்டு இதை வாங்குங்கள்.

கொட்டாஞ்சேனை அண்ணா ஒருவர் எங்கள் குழுவில் இருக்கிறார், முத்து காமிக்ஸ் வாசித்து வளர்ந்தவர். அப்சலூட் பேட்மேன் சில பக்கங்களைப் பார்த்துவிட்டு, "டேய், உவன் பேட்மேனோ, இறைச்சிக்கடைக்காரனோ? எங்கட காலத்தில மாயாவி ஒரு சொட்டு ரத்தம் காட்டாமல் கதையை முடிச்சவர்" என்றார். அண்ணாவோடு வாதாடுவது வயதுக்கு மரியாதை இல்லை, ஆனாலும் சொன்னேன். 1972 இல் முத்து காமிக்ஸ் தமிழுக்குக் கொண்டுவந்த முதல் நாயகன் அந்த இரும்புக்கை மாயாவிதானே. ஆள் மறைந்துபோக, அந்தரத்தில் ஒரு இரும்புக் கை மட்டும் மிதந்து வந்து கழுத்தைப் பிடிக்கும். அது பேய்ப்படக் காட்சி இல்லாமல் வேறு என்ன? ஆங்கில மூலத்தில் ஆரம்பத்தில் அவர் குற்றவாளியும் கூட. லயன் காமிக்ஸில் வந்த ஸ்பைடரும் (ஸ்பைடர்மேன் இல்லை, வேறு ஆள்) குற்றவாளிகளுக்கு ராஜாவாக ஆசைப்பட்டுத்தான் கதையைத் தொடங்கினார். எண்பதுகளில் திகில் காமிக்ஸ் என்றே ஒரு இதழ் சிவகாசியில் இருந்து வந்தது. தமிழ் வாசகனுக்கு இந்தக் கலவை புதிது அல்ல. அண்ணா தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, "அது வேற" என்றார். வாதம் முடிந்தது.

இரண்டையும் பிரித்து வைத்தது அமெரிக்காவில் 1954 இல் வந்த காமிக்ஸ் தணிக்கை விதிகள். செனட் விசாரணைக்குப் பயந்து பதிப்பாளர்களே தங்களுக்குப் போட்டுக்கொண்ட விதிகள் அவை. இரத்தக்காட்டேரி கூடாது, தலைப்பில் 'ஹாரர்' என்ற சொல் கூடாது. அந்த அடியில் ஈசி நிறுவனத்தின் திகில் இதழ்கள் நின்றுபோயின, முகமூடி வீரர்கள் பிழைத்துக்கொண்டார்கள். இப்போது ஓனி பிரஸ் என்ற பதிப்பகம் 2024 இல் அந்த ஈசி பெயரைத் திரும்ப எடுத்திருக்கிறது. தனித்தனிச் சின்னக் கதைகள். சில நல்லவை, சில கடைசிக் கட்டத் திருப்பத்துக்காக மட்டும் எழுதப்பட்டவை.

எங்கள் ஊருக்கே உரிய ஒன்று இதில் இருக்கிறது. பேட்மேன் அட்டையைப் பார்த்து என் அம்மா, "உதென்ன, தலையாட்டி மாதிரி ஒருத்தன்?" என்று கேட்டார். யுத்த காலச் சுற்றிவளைப்பில் நின்றவர்களுக்கு விளக்கம் வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். ஆக்களை வரிசையாக, முகத்தை மூடிக்கட்டிய ஒருவருக்கு முன்னால் நடக்க விடுவார்கள். அவர் தலையை ஆட்டினால் உங்களைக் கொண்டுபோய்விடுவார்கள். பிறகு 2011 ஓகஸ்டில் கிறீஸ் பூதம். உடம்பில் கிறீஸ் பூசிக்கொண்டு இரவில் வீட்டுக்குள் பாய்கிறான் என்ற கதை மலையகம், கிழக்கு, வடக்கு என்று பரவி, ஊர்ச்சனம் பொல்லோடு விழித்திருந்தது. பொலிசோடும் படையோடும் கைகலப்பு வரை போனது. முகம் தெரியாத ஒருவன் இருட்டில் கூரையில் நிற்கிறான், அவன் உன் நன்மைக்குத்தான் நிற்கிறான் என்றால், எங்கள் அம்மாமார் நம்புவார்களா? முகமூடியைப் பார்த்துச் சனம் முதலில் நடுங்கும் என்பதை ஒப்புக்கொள்கிற சூப்பர்ஹீரோப் புத்தகம்தான் எனக்கு நேர்மையாகப் படுகிறது. கிறீஸ் பூதத்தை வைத்து இங்கே யாராவது ஒரு காமிக்ஸ் வரைந்தால் முதல் பிரதிக்கு நான் காசு கட்டுகிறேன்.

இரத்தம் வேண்டாம் என்பவர்களுக்கு ஜொனதன் ஹிக்மன் எழுதி, மார்கோ செக்கெட்டோ வரைந்த 'அல்டிமேட் ஸ்பைடர்மேன்' இருக்கிறது. 2024 ஜனவரியில் தொடங்கியது. இதில் பீட்டர் பார்க்கர் கல்யாணம் செய்து, இரண்டு பிள்ளைகளுக்கு அப்பாவான பிறகுதான் சிலந்தி கடிக்கிறது. ஒரு மாதம் கழித்து அடுத்த இதழ் வந்தால் கதைக்குள்ளும் ஒரு மாதம் போயிருக்கும். இரவுச் சாப்பாட்டு மேசையில் நடக்கும் உரையாடல்களுக்காகவே வாசிக்கலாம். எங்கள் குழுவில் பாதிப் பேர் சமீபத்திய மார்வெலில் இதுதான் முதலிடம் என்பார்கள். எனக்கு நடுவில் கொஞ்சம் இழுத்தது.

'அப்சலூட் மார்ஷன் மேன்ஹன்டர்' பற்றியும் ஒரு வார்த்தை. டெனிஸ் காம்ப் எழுத்து, ஹாவியர் ரொட்ரிகஸ் படம். குண்டுவெடிப்பில் தப்பிய ஒரு எஃப்பிஐ அதிகாரிக்கு மற்றவர்களின் மனம் நிறப் புகையாகத் தெரியத் தொடங்குகிறது. கதை சொல்லி விளங்கப்படுத்த முடியாது, பக்கத்தைப் பார்க்க வேண்டும். குண்டு வெடித்த நகரத்தில் வாழ்ந்த ஆக்களுக்கு இது இன்னும் கொஞ்சம் கிட்டப் போகும்.

சரி, திகில். எல்லோரும் முதலில் சொல்வது 'சம்திங் இஸ் கில்லிங் த சில்ட்ரன்'. ஜேம்ஸ் டைனியன் எழுத்து, வெர்தர் டெல்எடேரா படம், 2019 இல் தொடங்கியது. பிள்ளைகளைத் தின்னும் பிராணிகள் வளர்ந்தவர்களின் கண்ணுக்குத் தெரியாது. எரிக்கா ஸ்லோட்டர் என்ற பெண் வந்து வேட்டையாடுகிறாள். முதல் ஐந்து இதழ்கள் உண்மையிலேயே பயங்கரம், பிள்ளையைத் தொலைத்த ஒரு ஊரின் முகம் அதில் தெரியும். முதலில் அந்த ஐந்தோடு முடிவதாகத்தான் திட்டம். நன்றாக விற்றது, தொடர் நீண்டது, கிளைத் தொடர் வந்தது, வேட்டைக்காரர்களின் இரகசிய அமைப்பு வந்தது, அதற்குள் நிறத்துக்கு ஒரு பிரிவு வந்தது. எரிக்காவுக்குப் பல் வரைந்த முகத்துணி இருக்கிறது, கையோடு திரிகிற பொம்மை ஒக்டோபஸ் இருக்கிறது. இப்போது அவள் சாக மாட்டாள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். முகமூடி, ஆயுதம், பூர்வகதை எல்லாம் இருக்கிற ஆளுக்கு என்ன பெயர்? எங்கள் குழுவில் திகில் மட்டும் வாசிக்கிற ஒரு தங்கச்சி இதற்காக என்னோடு இரண்டு நாள் கதைக்கவில்லை. அவளுடைய வாதத்தையும் சொல்கிறேன்: தொடர் நீளும்போது பயம் குறைந்து துக்கம் கூடுகிறது, அதுவும் திகிலின் வேலைதான். பிழை என்று சொல்ல மாட்டேன்.

அந்தப் பொறியில் விழாதது 'ஐஸ் கிரீம் மேன்'. டபிள்யூ. மேக்ஸ்வெல் பிரின்ஸும் மார்ட்டின் மொராஸோவும் 2018 இல் இருந்து செய்கிறார்கள். ஒவ்வொரு இதழும் தனிக் கதை. வெள்ளை உடுப்புப் போட்ட ஐஸ்கிரீம் விற்பவன் மட்டும் எங்காவது ஒரு மூலையில் நிற்பான். யார் வேண்டுமானாலும் எந்தப் பக்கத்திலும் அழியலாம் என்பதால் பயம் தேய்வதில்லை. 13ஆம் இதழை முன்னால் இருந்தும் வாசிக்கலாம், பின்னால் இருந்தும் வாசிக்கலாம். வித்தை காட்டுகிறார்கள் என்று சந்தேகத்தோடு எடுத்தேன், வாசித்து முடித்ததும் திருப்பி வாசித்தேன்.

பட்ரிக் ஹோர்வத்தின் 'பினீத் த ட்ரீஸ் வேர் நோபடி சீஸ்' கட்டாயம். பார்த்தால் அம்புலிமாமா வயதுப் பிள்ளைக்கான படப்புத்தகம் போல இருக்கும். நீர்வர்ணம், உடுப்புப் போட்ட மிருகங்கள், அமைதியான சின்ன ஊர். கதாநாயகி சமந்தா என்ற கரடி, ஊரில் இரும்புச்சாமான் கடை வைத்திருக்கிறாள். கொலை செய்ய வேண்டும் போல இருந்தால் பக்கத்து நகரத்துக்குப் போய்ச் செய்துவிட்டு வருவாள். தன் ஊரில் கை வைப்பதில்லை என்பது அவள் கொள்கை. ஒருநாள் ஊரிலேயே வேறு யாரோ ஒருவர் கொலை செய்யத் தொடங்க, இவளுக்கு வருகிற கோபம் இருக்கிறதே! சிரித்துவிட்டு, ஏன் சிரித்தோம் என்று யோசிப்பீர்கள். கொலைகாரியின் ஒழுங்கு எனக்குப் பழகிப்போனதுதான் இந்தப் புத்தகத்தில் என்னைப் பயமுறுத்தியது.

புதுசு இல்லை என்றாலும் நம்மவர்களுக்காக ஒன்று: ராம் வி எழுதி சுமித் குமார் வரைந்த 'தீஸ் சாவேஜ் ஷோர்ஸ்'. 1766 இல் ஒரு ஆங்கில இரத்தக்காட்டேரி கிழக்கிந்தியக் கம்பனிக் கப்பலில் மலபார்க் கரைக்கு வந்து இறங்குகிறான். தன்னைவிடப் பயங்கரமானது யாரும் இல்லை என்று நினைத்துக்கொண்டு வருகிறவனுக்கு அந்தக் கரையில் ஒரு ராட்சசன் காத்திருக்கிறான். கப்பலில் வந்து இறங்கியவர்களைப் பற்றி எங்கள் தீவில் உள்ளவர்களுக்கு வகுப்பு எடுக்கத் தேவையில்லை.

வாங்குவது பற்றி. தனி இதழ் நாலைந்து டொலர். 2022 இல் டொலர் 200 ரூபாயில் இருந்து 360 வரை போன நாளில் இருந்து நாங்கள் மாதாமாதம் இதழ் வாங்கும் பழக்கத்தை விட்டாயிற்று, தொகுதி வரும்வரை பொறுத்திருக்கிறோம். டிசி 2024 முதல் 9.99 டொலருக்குச் சின்ன அளவில் 'கொம்பாக்ட்' பதிப்புகள் போடுகிறது, எழுத்து கொஞ்சம் பொடி, ஆனால் முழுக் கதை. மார்வெலுக்கு 'மார்வெல் அன்லிமிடெட்' செயலி இருக்கிறது, புது இதழ் மூன்று மாதம் பிந்தி வரும். மருதானைப் பக்கம் டி. ஆர். விஜேவர்தன மாவத்தைப் பழைய புத்தகக் கடைகளில் காமிக்ஸ் கிடைப்பது அதிர்ஷ்டம், தேடிப் போகாதீர்கள், வேறு புத்தகத்துக்குப் போனால் கண்ணில் படும். செப்டம்பரில் பண்டாரநாயக்க மண்டபத்தில் நடக்கும் புத்தகக் கண்காட்சிக்குக் காசு சேர்த்துக்கொண்டு போங்கள். லயன், முத்து வேண்டுமென்றால் சென்னைக்குப் போகிற சொந்தக்காரர்தான் வழி. பெட்டியில் சேலைக்குக் கீழே இடம் இருக்கும்.

தம்பிக்கு அல்டிமேட் ஸ்பைடர்மேனைத் தாராளமாகக் கொடுங்கள், வொண்டர் வுமனையும் கொடுக்கலாம். அப்சலூட் பேட்மேனை நீங்கள் வாசித்துவிட்டு முடிவெடுங்கள், பெய்ன் வருகிற தொகுதி அவனுக்கு இப்போது வேண்டாம். ஐஸ் கிரீம் மேனும் கரடியும் அலுமாரியின் மேல்தட்டில் இருக்கட்டும். கரடிப் புத்தகத்தின் அட்டையைப் பார்த்துச் சின்னப் பிள்ளை புத்தகம் என்று பெரியம்மா யாராவது எடுத்து வீட்டுக் குஞ்சுகளுக்கு வாசித்துக் காட்டப் போகிறார், அதையும் சொல்லி வையுங்கள்.