பாக்கெட்டில் அடங்கும் துப்பாக்கி

கேள்வி: டெக்சஸில் இருக்கும் என் மருமகன் பாக்கெட்டில் வைக்கிற மாதிரி சின்னத் துப்பாக்கி வாங்கப்போகிறாராம். தோட்டாவும் வீட்டிலேயே செய்வாராம். சின்னது என்றால் சுடுவது சுலபம்தானே?

பதில்: முதலில் அவர் விசாவைக் கேளுங்கள். எச்1பி என்றால், வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகள் தவிர, அங்கே துப்பாக்கி வைத்திருப்பதே குற்றம். கிரீன் கார்டு இருந்தால் கவலையில்லை. 2021 செப்டம்பர் முதல், 21 வயதானவர்கள் டெக்சஸில் பெரும்பாலும் லைசென்ஸ் இல்லாமலே எடுத்துப் போகலாம். ஆனால் ‘51%’ என்று சிவப்பில் எழுதிய மதுக்கடைக்குள் கூடாது.

சுலபமா? நேர்மாறு! ரூகர் எல்.சி.பி. என்ற பாக்கெட் பிஸ்டல் முந்நூறு கிராம்கூட இல்லை. அதனாலேயே கையை உதறும், குறியும் தப்பும். பழக்கமில்லாதவருக்கு ஐந்து தோட்டா ரிவால்வர் நல்லது என்பார்கள். ஆனால் அதன் ட்ரிகரை (விசையை) அழுத்தப் பலம் வேண்டும், புதியவர் திணறுவார். வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பார்த்த பிறகே வாங்கட்டும். பாக்கெட்டில் ட்ரிகரை மூடும் உறை கட்டாயம். அதே பாக்கெட்டில் சாவி, சில்லறை எதுவும் வேண்டாம்.

தோட்டா விஷயம் நிஜம்தான். சுட்ட பித்தளைக் கூட்டில் புது ப்ரைமர் (தீப்பொறி தரும் சின்ன மூடி), வெடிமருந்து, குண்டு வைத்து மறுபடி அடைப்பார்கள். .38 என்ற ரிவால்வர் தோட்டாவின் கூடு பெரிது, மருந்தோ கொஞ்சம். கவனம் சிதறி இருமுறை கொட்டினாலும் வழியாது, தவறு தெரியாது. சுடும்போது துப்பாக்கியே வெடிக்கலாம். மருந்தே விழாவிட்டால் குண்டு குழலில் சிக்கும். டிவி பார்த்துக்கொண்டே செய்கிற வேலை இல்லை. பயிற்சிக்கு வேண்டுமானால் செய்யட்டும், பாக்கெட்டில் போவதற்குக் கம்பெனித் தோட்டாவே போடச் சொல்லுங்கள்.