ஆக்சில் சந்தேகங்கள்: எடையைச் சுமப்பது யார்?

மண்டபத்தில் பட்டறை வைத்திருக்கிறேன். மீன் வண்டி, உப்பு லாரி, சுற்றுலா வேன் ஓட்டுவோர் பின் ஆக்சில், அதாவது பின் சக்கரங்களைத் தாங்கிச் சுழற்றும் அச்சு பற்றிக் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

தங்கச்சிமடம்: அண்ணே, மீன் ஏற்றும் சிறிய வண்டி. ஆக்சில் ஷாப்ட் ஒடிந்து சக்கரமே கழன்று ஓடிவிட்டது. லாரியில் ஷாப்ட் ஒடிந்தாலும் சக்கரம் நிற்கிறதே, எப்படி?

தம்பி, எடை எந்த வழியாகத் தரைக்கு இறங்குகிறது என்று பாருங்கள். உங்கள் வண்டியில் இருப்பது செமி ஃப்ளோட்டிங் வகை ஆக்சில். சக்கரம் ஷாப்டின் முனையிலேயே மாட்டப்பட்டிருக்கிறது. ஷாப்ட் உராயாமல் சுழல உதவும் பேரிங், ஹவுசிங் என்ற இரும்புக் கூட்டுக்கு உள்ளே இருக்கிறது. சக்கரத்தைச் சுழற்றுவதும் ஷாப்ட், மீனையும் ஐஸையும் சுமப்பதும் ஷாப்ட், வளைவில் பக்கவாட்டு அழுத்தத்தைத் தாங்குவதும் அதே ஷாப்ட். ஒவ்வொரு சுற்றிலும் அது மேலும் கீழுமாக வளைந்து நிமிர்கிறது. கம்பியை மடக்கி மடக்கி ஒடிப்பதைப் போலத்தான்.

ஒடிந்த துண்டைக் காயலான் கடைக்குப் போடுமுன் வெளிச்சத்தில் பாருங்கள். ஓரத்தில் ஒரு புள்ளியிலிருந்து வழவழப்பாக வரிகள் விரிந்திருந்தால், அது நாள்பட்ட கீறல். மிச்சமிருக்கும் சொரசொரப்பான பகுதிதான் கடைசி நாளில் ஒடிந்தது. மீன் பெட்டியிலிருந்து வடியும் உப்புத் தண்ணீர் இரும்பை அரித்துக் குழியாக்கினால், கீறல் தொடங்க அந்தக் குழியே போதும்.

லாரியில் இருப்பது ஃபுல் ஃப்ளோட்டிங். அதன் ஹப் (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி), ஹவுசிங் குழாயின் வெளிமுனையில் இரண்டு பேரிங்குகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஸ்பிரிங், ஹவுசிங், பேரிங், ஹப், சக்கரம் என்று எடை இறங்கிவிடும். ஷாப்டுக்கு முறுக்குவது ஒன்றே வேலை. ஒடிந்தால் வண்டி நகராது. சக்கரம் தன் இடத்தில் இருக்கும்.

வாலிநோக்கம்: உப்பு லாரி. ஷாப்டைக் கழற்ற ஜாக்கி போட வேண்டுமா?

வேண்டாம். முகப்புப் போல்ட்டுகளைக் கழற்றி உருவிவிடலாம். ஆனால் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்த பிறகே கை வையுங்கள். ஷாப்ட் வெளியே வந்துவிட்டால் கியர் வண்டியைப் பிடித்து நிறுத்தாது.

ஏர்வாடி: மணலில் ஒரு சக்கரம் மட்டும் சுற்றுகிறது. மற்றது சும்மா நிற்கிறது. டிபரென்ஷியல் கெட்டுவிட்டதா?

கெடவில்லை. இன்ஜின் விசையை இரண்டு சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் கியர் தொகுதிதான் டிபரென்ஷியல். வளைவில் வெளிச்சக்கரம் அதிகம் சுற்ற வேண்டும் என்பதற்காகவே அது இருக்கிறது. இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு முறுக்கு விசையைத்தான் அது தரும். பிடிமானமில்லாத சக்கரத்தைச் சுழற்றக் கொஞ்சம் விசை போதும். மறுபக்கத்துக்கும் அந்தக் கொஞ்சமே கிடைக்கிறது. 2017-இல் அரிச்சல்முனைச் சாலை திறக்கும் வரை தனுஷ்கோடி மணலில் வேன்கள் ஓடின. மணலில் இறங்கினால் டயர் காற்றைக் குறையுங்கள், தார்ச்சாலை ஏறியதும் மறக்காமல் நிரப்புங்கள். ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்கச் சக்கரம் புதைந்துகொண்டே போகும்.

கீழக்கரை: காக்கா, ஸ்பிரிங் பட்டை இரண்டு கூட்டினால் சின்ன வண்டியில் கூடுதல் எடை ஏற்றலாமா?

கூடாது தம்பி. பட்டை கூடினால் வண்டி தாழாது, அவ்வளவுதான். ஷாப்ட் பழைய ஷாப்ட், பேரிங் பழைய பேரிங்.

தொண்டி: பல வருடமாகப் பட்டை கூட்டித்தான் ஓட்டுகிறோம். வண்டி நிமிர்ந்து நிற்கிறதே, அதுவே சாட்சி.

நிமிர்ந்து நிற்பதுதான் ஆபத்து, ஐயா. வண்டி தாழ்ந்தால் எடை அதிகம் என்று கண்ணுக்குத் தெரியும். அந்த எச்சரிக்கையை நீங்களே மறைத்துவிட்டு, எடையை ஷாப்டின் மேல் ஏற்றுகிறீர்கள். அகல ரிம்மும் போட்டுச் சக்கரத்தை வெளியே தள்ளினால் இன்னும் மோசம்: பேரிங்கிலிருந்து சக்கரம் விலக விலக ஷாப்டை வளைக்கும் விசை கூடும். கீறல் உள்ளே வளர்வது வண்டியின் நிற்கும் அழகில் தெரியாது.

உப்பூர்: 2018-இல் அரசே எடையைக் கூட்டியதே?

கூட்டியது. நான்கு டயர் உள்ள ஒற்றை ஆக்சிலுக்கு 10.2 டன் என்பது 11.5 டன் ஆனது. அது சட்டத்தின் உச்ச வரம்பு. உங்கள் வண்டிக்கு உரிய எடை பதிவுச் சான்றிதழில் இருக்கிறது. மீன் வண்டி ஆக்சிலுக்கு அரசாணை இரும்பு சேர்க்கவில்லை.

தொண்டி (மீண்டும்): அப்படியானால் தடித்த ஷாப்ட் போட்டால்?

ஷாப்ட் தாங்கும், பேரிங், பிரேக், டயர்? பெரிய வண்டி வாங்குங்கள். பட்டை பற்றி இனி யாரும் கேட்க வேண்டாம்.

மூக்கையூர்: முக்கால் ஃப்ளோட்டிங் என்கிறார்களே?

ஹப்புக்கும் ஹவுசிங்குக்கும் நடுவே ஒரே பேரிங். எடை ஹவுசிங்குக்கு, வளைவில் வரும் பக்கவாட்டு விசை ஷாப்டுக்கு. பழைய கார்களில் உண்டு.

ராமேஸ்வரம்: மின்சார ஆட்டோவில் மோட்டார் சூடாகிறது.

அது மின்சாரம் தெரிந்தவரின் வேலை.

தேவிபட்டினம்: படகு இழுக்க வண்டியைக் கடலில் இறக்கினோம். ஆக்சில் ஆயில் பால் போல வெளுத்திருக்கிறது.

தண்ணீர் புகுந்துவிட்டது. ஓடிச் சூடான ஹவுசிங் கடலில் இறங்கினால் உள்ளிருக்கும் காற்று சட்டெனச் சுருங்கும். ஹவுசிங் மேலுள்ள பிரீதர் (காற்று போய்வரும் துளை) அடைத்திருந்தால், ஆயில் சீல் வழியாக உப்பு நீரை உறிஞ்சும். இந்தக் கரையில் எவரிடமும் நான் முதலில் சொல்வது பிரீதரைத் துடைத்து வையுங்கள் என்பதுதான். உங்களுக்கு இப்போது அது மட்டும் போதாது. வண்டியை ஓட்டாமல் இன்றே ஆயிலை வடித்து, புது ஆயில் விட்டுக் கொஞ்சம் ஓட்டி, அதையும் வடித்துவிடுங்கள். ஆயில் வெளுக்காமல் வரும்வரை இதையே செய்யுங்கள். சீலை மாற்றுங்கள், ஹப் பேரிங்குகளையும் கழற்றிப் பாருங்கள்.