அப்பா அப்படிப் பேசுகிறவர் இல்லை

முப்பது வருஷத்துக்கும் மேலாக முதியோர் வார்டில் நர்ஸாக வேலை பார்த்தவர், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

*கேள்வி: அப்பாவுக்கு 79 வயது. விழுந்து இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் நடந்தது. இரண்டு நாள் நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் சாயங்காலம் சுவரில் எறும்பு ஊர்கிறது என்றார். கையில் இருந்த ட்ரிப்ஸ் ஊசியைப் பிடுங்கினார். என்னைத் தன் அக்கா பெயர் சொல்லிக் கூப்பிட்டார். காலையில் பாதி தெளிவு, இருட்டினதும் மறுபடி அதே கதை. பக்கத்துப் படுக்கைக்காரர்கள் ‘வயசாயிடுச்சு, மறதி நோய் வந்துடுச்சு’ என்கிறார்கள். மறதி நோய் இப்படி ஒரே நாளில் வருமா சிஸ்டர்?*

வராதம்மா. உங்கள் கடிதம் வந்த அன்றே உங்களோடு போனில் பேசிவிட்டேன். இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்காக இங்கே விரிவாக எழுதுகிறேன்.

மறதி நோய் மாசக்கணக்கில், வருஷக்கணக்கில் மெல்ல வருவது. நேற்று வரை தெளிவாக இருந்தவர் இன்று குழம்பினால், அதுவும் ஒரு மணி நேரம் தெளிவும் அடுத்த மணி நேரம் குழப்பமுமாக மாறிக்கொண்டே இருந்தால், அது வேறு. டாக்டர்கள் இதை டெலிரியம் என்பார்கள். நம் பாட்டிமார் ஜன்னி என்றார்கள். காய்ச்சல் தலைக்கேறிப் பிதற்றினால் ‘ஜன்னி கண்டுவிட்டது’ என்பது பழைய பேச்சு. காய்ச்சல் இல்லாமலும் ஜன்னி காணும் என்பதை மட்டும் நாம் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஏற்கெனவே மறதி நோய் உள்ளவர்களுக்கு இது இன்னும் சுலபமாக வரும். அதனால் ‘அவருக்கு எப்பவுமே இப்படித்தான்’ என்று யாரும் தள்ளிவிடக் கூடாது.

இதைக் கண்டுபிடிக்க ஸ்கேன்தான் வேண்டும் என்றில்லை. ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் உருவான ‘ஃபோர் ஏ டி’ (4AT) என்ற சின்னப் பரிசோதனை இருக்கிறது. இரண்டு மூன்று நிமிஷ வேலை. முதலில் ஆள் விழிப்பாக இருக்கிறாரா என்று பார்ப்போம். அப்புறம் வயது, பிறந்த தேதி, இது எந்த இடம், இது எந்த வருஷம் என்று கேட்போம். அடுத்து டிசம்பரில் தொடங்கி மாதங்களைப் பின்னோக்கிச் சொல்லச் சொல்வோம். டெலிரியம் உள்ளவர் ‘டிசம்பர், நவம்பர்’ என்று ஆரம்பிப்பார், கண் ஜன்னல் பக்கம் போய்விடும், ‘என்ன கேட்டீங்க?’ என்பார். மறதியை விடக் கவனம் நழுவுவதுதான் இதன் கையெழுத்து. கடைசிக் கேள்வி, சமீபத்தில் திடீரென்று மாறினாரா என்பது. மொத்தம் 12 மதிப்பெண். 4 அல்லது அதற்கு மேல் வந்தால் டெலிரியமாக இருக்கலாம். திடீர் மாற்றம் என்ற அந்த ஒரு பதிலே 4 மதிப்பெண் தந்துவிடும்.

அந்தப் பதில் உங்களிடம்தான் இருக்கிறது. நேற்று வந்த நர்ஸுக்கு அப்பாவின் பழைய பேச்சு தெரியாது. எனவே ‘ஒரு மாதிரி இருக்கார்’ என்று சொல்லாமல், ‘நேற்று மத்தியானம் வரை தெளிவாக இருந்தார், சாயங்காலம் ஆறு மணியிலிருந்து என்னையே அடையாளம் தெரியவில்லை, அப்பா அப்படிப் பேசுகிறவர் இல்லை’ என்று நேரத்தோடு சொல்லுங்கள். கேட்டவர் தலையாட்டிவிட்டுப் போனால் அடுத்தவரிடம் சொல்லுங்கள். தொந்தரவு தருகிறோமோ என்று தயங்கவே வேண்டாம்.

காரணம் தலைக்குள் மட்டும் தேடினால் கிடைக்காது. நெஞ்சுச் சளியோ சிறுநீர்த் தொற்றோ இருக்கலாம். உடம்பில் நீர் வற்றியிருக்கலாம். சோடியம், சர்க்கரை, ஆக்ஸிஜன் ஏதாவது இறங்கியிருக்கலாம். வலி அடங்காமல் இருக்கலாம், வலிக்குக் கொடுத்த மருந்தே அதிகமாகியும் இருக்கலாம். நாலு நாள் மலம் போகாததும், சிறுநீர் அடைத்துக்கொண்டதும் போதும், பலவீனமான முதியவரின் மூளையைக் கலக்கிவிட. பல நேரம் மூன்று நான்கு காரணங்கள் ஒன்றாகச் சேர்ந்திருக்கும். வீட்டில் சாப்பிட்ட எல்லா மாத்திரைகளையும், கடையில் வாங்கிய சளி, அரிப்பு, தூக்க மாத்திரை உட்பட, டாக்டரிடம் காட்டுங்கள். பழைய வகை அலர்ஜி மாத்திரைகள் முதியவர்களை மோசமாகக் குழப்பும்.

இன்னொன்று, சங்கடமான விஷயம். அப்பாவுக்குக் குடிப்பழக்கம் இருந்தாலோ, வருஷக்கணக்காகத் தூக்க மாத்திரை போட்டிருந்தாலோ, மறைக்காதீர்கள். திடீரென்று நிறுத்தியதால் வரும் டெலிரியத்துக்கு வைத்தியமே வேறு. கௌரவம் பார்த்து மறைத்தால் உயிருக்கே ஆபத்து.

படுக்கையருகே நீங்கள் செய்வதும் வைத்தியம்தான். கண்ணாடியை மாட்டிவிடுங்கள். காது மெஷினைப் பெட்டியிலிருந்து எடுத்துப் போடுங்கள், பேட்டரி ஓடுகிறதா பாருங்கள். பகலில் திரையை விலக்கி வெளிச்சம் வர விடுங்கள், ராத்திரி இருட்டாக இருக்கட்டும். அனுமதி கிடைத்ததும் உட்கார வையுங்கள், நடக்க வையுங்கள். எறும்பு இல்லை என்று வாதாடாதீர்கள், இருக்கிறது என்று ஒத்து ஊதவும் வேண்டாம். ‘எனக்குத் தெரியலைப்பா, ஆனா நீங்க பயப்படறீங்கன்னு புரியுது, நான் இங்கதான் இருக்கேன்’ என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னால் போதும்.

கையைக் கட்டிலோடு கட்டுவதை என்னால் தாங்கிக்கொள்ளவே முடியாது. கட்டினால் பயம் ஏறும், திமிறுவார், இன்னும் குழம்புவார். ராத்திரி யாராவது கூட உட்கார முடியுமா என்று வார்டில் கேளுங்கள். அமைதிப்படுத்தும் மருந்து டெலிரியத்தைக் குணமாக்காது. தாங்க முடியாத பயமோ ஆபத்தோ இருந்தால் மட்டும், மிகக் குறைந்த அளவில், சில நாளுக்குக் கொடுப்பார்கள். பார்க்கின்சன் நோய் இருந்தால் அதை முன்கூட்டியே சொல்லுங்கள். ஹாலோபெரிடால் போன்ற மருந்து அவர்களுக்கு ஆகாது.

*கேள்வி: என் அம்மா நிமோனியாவுக்காக அட்மிட் ஆகியிருக்கிறார். யாருக்கும் தொல்லை இல்லை. நாள் முழுக்கத் தூங்குகிறார், கூப்பிட்டால் ‘ம்’ என்கிறார். ஓய்வு எடுக்கட்டும் என்று விட்டிருக்கிறோம். சரிதானே?*

சரியில்லை தம்பி. கத்துகிற டெலிரியத்தை எல்லோரும் பார்க்கிறோம். அடங்கிக் கிடக்கும் டெலிரியம் கண்ணில் படுவதே இல்லை. முதியவர்களிடம் இது மிகவும் சாதாரணம், நல்லதும் அல்ல.

நானே ஒரு முறை தவறவிட்டேன். வேலைக்குச் சேர்ந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. கடைசிக் கட்டிலில் ஒரு பெரியவர். ட்யூட்டி மாறும்போது ‘சமத்தான பேஷண்ட்’ என்று சொல்லிக் கொடுத்தார்கள். நானும் அப்படியே அடுத்தவரிடம் சொன்னேன். இரண்டு ராத்திரி அப்படிப் போனது. மூன்றாம் ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்தபோது, கண்ணை மூடியபடியே போர்வை ஓரத்து நூலை விரலால் பிடித்துப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். நூலே இல்லாத இடத்திலும் இழுத்தார். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், கண் திறந்து என்னைத் தாண்டிப் பார்த்தது. அடிவயிற்றில் கை வைத்தேன், பானை கவிழ்த்த மாதிரி கல்லாக இருந்தது. சிறுநீர் அடைத்திருந்தது. குழாய் வைத்ததும் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் வந்தது. முந்தின நாள் அரிப்புக்கென்று கொடுத்த மாத்திரைதான் அடைப்பையும் குழப்பத்தையும் கூட்டியிருந்தது. அதை நிறுத்தினோம். இரண்டு நாள் கழித்துத் தன் கண்ணாடி எங்கே என்று கேட்டார். ‘சமத்து’ என்று சொல்லிக் கொடுத்த அந்த இரண்டு ராத்திரியும் எனக்கு இன்றும் உறுத்துகிறது.

அதனால் அம்மாவை எழுப்பிப் பேசிப் பாருங்கள். பேச்சைத் தொடர முடியவில்லை, பாதியில் கண் சொருகுகிறது என்றால், அசதி என்று விடாமல் இன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள். அரைத்தூக்கத்தில் இருக்கும்போது வாயில் எதையும் ஊட்டாதீர்கள், புரையேறும்.

*கேள்வி: வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகியும் மாமனார் பழையபடி இல்லை. இது இப்படியே நின்றுவிடுமா? அடுத்து கண்புரை ஆபரேஷன் வேறு இருக்கிறது.*

பலருக்குச் சில நாளில் தெளியும், சிலருக்கு வாரங்கள், மாசங்கள் கூட ஆகும். டெலிரியம் வந்தவர்களுக்குப் பின்னால் மறதி நோய் வரும் வாய்ப்பு கூடுதல் என்பது உண்மை. ஆனால் குழப்பம் அடங்குவதற்குள் ஞாபகப் பரிசோதனை செய்து முத்திரை குத்திவிட வேண்டாம். சில மாசம் பொறுத்துப் பாருங்கள். நடுவில் மறுபடி திடீரென்று மோசமானால் மட்டும் காத்திருக்காமல் உடனே காட்டுங்கள்.

அடுத்த ஆபரேஷனுக்கு முன்னால் ‘போன தடவை டெலிரியம் வந்தது’ என்று டாக்டரிடமும் மயக்க மருந்து கொடுப்பவரிடமும் சொல்லுங்கள். ஓரளவு தடுக்கவும் முடியும். ஷாரன் இனோயே என்ற அமெரிக்க மருத்துவரின் குழு 70 வயதும் அதற்கு மேலும் ஆன 852 நோயாளிகளிடம் செய்த ஆய்வு 1999-இல் வெளிவந்தது. வழக்கமான கவனிப்பில் 15 சதவீதத்தினருக்கு டெலிரியம் வந்தது. நடக்க வைத்து, தண்ணீர் கொடுத்து, தூங்க விட்டு, கண்ணாடியும் காது மெஷினும் போட்டு, இது எந்த இடம், என்ன நாள் என்று பேசிக்கொண்டிருந்த பிரிவில் 9.9 சதவீதம்தான். புது மருந்து எதுவும் இல்லை.

அப்புறம், மாமனாரோடு அந்த ராத்திரிகளைப் பற்றிப் பேசிவிடுங்கள். பலருக்கு அது துண்டு துண்டாக ஞாபகம் இருக்கும், கேட்க வெட்கப்படுவார்கள். ஒரு அம்மா டிஸ்சார்ஜ் ஆகிற அன்று, மகன் வெளியே போன நேரம் பார்த்து என் கையைப் பிடித்துக்கொண்டு, ‘சிஸ்டர், என் கட்டிலுக்கு அடியில ஒரு நாய் உறுமிச்சே, அது நிஜமா?’ என்று கேட்டார். பக்கத்துக் கட்டிலில் சளி உறிஞ்சும் மெஷின் ஓடியது என்று சொல்லி, அந்த மெஷினையே தள்ளிக்கொண்டு வந்து போட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டார். ‘இதேதான், இதேதான்’ என்று சொல்லிவிட்டு அழுதார்.